அரங்கேறினால் போதுமா?

பாலே கம்பெனிகள் ஆண்டுதோறும் சீசன் பட்டியலை வெளியிடும்போதெல்லாம் 'பழசு எத்தனை, புதுசு எத்தனை' என்ற சண்டை கிளம்பிவிடுகிறது. அந்தப் பட்டியலில் பலரும் எண்ணிப் பார்க்காத மூன்றாவது வரிசை ஒன்று உண்டு. இந்தக் கலையின் ஆயுள் அங்கேதான் தீர்மானமாகிறது.

மேடையை அடைத்துக்கொண்டு நிற்கிறது ஒரு சுவர். ஆண்களும் பெண்களும் கூட்டமாக வந்து, உள்ளங்கைகளை அதில் பதித்து, உடம்பின் மொத்த எடையையும் கொடுத்துத் தள்ளுகிறார்கள். சுவரில் ஏற்கெனவே கைத்தடங்கள் இருக்கின்றன. இவர்களுக்கு முன்பும் யாரோ தள்ளிப் பார்த்துத் தோற்றிருக்கிறார்கள். இவர்கள் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பிழைப்புத் தேடி வந்தவர்கள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இசைக்கு அடியில் இயந்திர இரைச்சல் மாதிரி ஏதோ உறுமிக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தில் அந்தச் சுவர் தானாகவே சுழன்று திறக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து பகட்டான உடைகளில் முதலாளிகள் வெளியே வருகிறார்கள். உடம்பை வளைத்து உழைத்தவர்களின் கூட்டம் ஒரு புறம், வளைய வேண்டிய தேவையே இல்லாதவர்கள் மறு புறம். 2016 செப்டம்பர் 27 அன்று மான்செஸ்டர் நகரின் பேலஸ் தியேட்டரில் இங்கிலிஷ் நேஷனல் பாலே அரங்கேற்றிய 'ஜிசெல்' இது. அமைத்தவர் கதக் பயின்ற பிரிட்டிஷ்-வங்கதேசக் கலைஞர் அக்ரம் கான். பருத்தி ஆலைகளால் வளர்ந்து, அவை மூடியதால் தளர்ந்த நகரம் மான்செஸ்டர் என்பதை அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2017 ஜனவரியில் லண்டன் கொலிசியத்தில் அதே கம்பெனி, அதே பெயரில் வேறொரு 'ஜிசெல்' ஆடியது. இதில் சுவரும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. திராட்சை அறுவடைக் காலத்து ஜெர்மானியக் கிராமம். நடனமென்றால் உயிரான ஓர் ஏழைப் பெண், குடியானவன் வேடத்தில் வந்து அவளைக் காதலிக்கும் பிரபு. அவனுக்கு ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டது என்று தெரிந்ததும் அவள் சித்தம் கலங்கிச் சாகிறாள். இரண்டாம் பாகத்தில், காதலில் ஏமாந்து செத்த பெண்களின் ஆவிகள் வெள்ளை உடையில் நள்ளிரவுக் காட்டில் கூடி, அகப்பட்ட ஆணைச் சாகும்வரை ஆடவைக்கின்றன. அவனை ஜிசெல்லின் ஆவி காப்பாற்றுகிறது. மேரி ஸ்கீப்பிங் என்பவர் 1971இல் இந்தக் கம்பெனிக்காக அமைத்துத் தந்த வடிவம் இது.

ஒரே சீசனில் எதற்காக இரண்டு 'ஜிசெல்'? பழமை விரும்பிகளுக்கு ஒன்று, புதுமை விரும்பிகளுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு பங்கு கொடுத்த சமரசம் என்று அதைப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் விஷயம் கைநழுவிப் போகும். ஸ்கீப்பிங்கின் 'பழைய' ஜிசெல், அரங்கேறி 130 ஆண்டுகளுக்குப் பிறகு, இடையில் வெட்டி எறியப்பட்ட இசைப் பகுதிகளைத் தேடிச் சேர்த்து உருவான ஒன்று. அக்ரம் கானின் 'புதிய' ஜிசெல், அதற்குப் பிறகும் திரும்பத் திரும்ப மேடைக்கு வந்து, இன்று அந்தக் கம்பெனியின் நிரந்தரச் சொத்தாகிவிட்டது. பழசு புதுப்பிக்கப்பட்டதால் நின்றது. புதுசு திரும்பி வந்ததால் நிலைத்தது. ஆகவே ஒரு சீசனை எடைபோட 'பழசா, புதுசா' என்ற கேள்வி உதவாது. நேற்றைக்குப் புதுசாக இருந்தவற்றில் எது இன்று திரும்பி வருகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். அப்படித் திரும்பி வருபவைதான் அந்த மூன்றாவது வரிசை.

பட்டியல் எப்படி உருவாகிறது?

பெரிய பாலே கம்பெனிகளின் சீசன் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் தொடங்கிக் கோடையில் முடிகிறது. அதன் எலும்புக்கூடு எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கிறிஸ்துமஸ் வாரங்களுக்கு 'நட்கிராக்கர்'. குளிர்காலத்துக்கோ வசந்தத்துக்கோ 'ஸ்வான் லேக்', 'ஸ்லீப்பிங் பியூட்டி', 'ஜிசெல்' போன்ற முழுநீளப் பழைய படைப்பு ஒன்றோ இரண்டோ. நடுவில் இருபதாம் நூற்றாண்டின் கதை பாலே ஏதாவது. கடைசியாக, மூன்று குறும்படைப்புகளைக் கோத்த ஒரு மாலை. புதுசு பெரும்பாலும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் பல கம்பெனிகளுக்கு ஆண்டின் டிக்கெட் வருமானத்தில் பாதி வரைகூட 'நட்கிராக்கர்' ஒன்றிலிருந்தே வந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் செய்யும் பரிசோதனைக்கு அந்த டிசம்பர் வசூல்தான் காப்பு.

ஆக, பழசு சம்பாதிக்கிறது, புதுசு செலவழிக்கிறது என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். பழமைவாதிகள் 'சம்பாதிப்பதையே ஆடுங்களேன்' என்கிறார்கள். புதுமைவாதிகள் 'கம்பெனி அருங்காட்சியகமாகிவிடும்' என்கிறார்கள். இரு தரப்புமே ஓர் அனுமானத்தைச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்கின்றன: காவியப் படைப்புகள் பிறக்கும்போதே காவியங்களாகப் பிறந்தன என்று. பாலேயின் சரித்திரம் அதற்கு நேர் எதிரான சாட்சியம் சொல்கிறது.

பெட்டிச் செய்தி 1: 'ஜிசெல்' கடந்து வந்த பாதை

• 1841 ஜூன் 28: பாரிஸ் ஓபராவில் அரங்கேற்றம். நாயகி கார்லோட்டா கிரிசி. நடன அமைப்பு ழான் கொராலி, ழூல் பெரோ. இசை அடால்ஃப் ஆதாம்.
• 1842: செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சேர்கிறது.
• 1868: பிறந்த ஊரான பாரிஸில் ஆடுவது நின்றுபோகிறது. ரஷ்யாவில் மாரியஸ் பெட்டிபா அதைத் திருத்தித் திருத்திக் காப்பாற்றுகிறார்.
• 1910: தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு அதைப் பாரிஸுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது, கர்சாவினாவும் நிஜின்ஸ்கியும் ஆடுகிறார்கள்.
• 1934: லண்டனில் விக்-வெல்ஸ் பாலேக்காக நிக்கோலாய் செர்கேயெவ் அமைக்கிறார்; நாயகி அலிசியா மார்கோவா. இவரே 1950இல் ஆன்டன் டோலினுடன் சேர்ந்து, இன்று இங்கிலிஷ் நேஷனல் பாலே என்று அறியப்படும் கம்பெனியைத் தொடங்கினார்.
• 1982: ஸ்வீடனின் மாட்ஸ் ஏக், இரண்டாம் பாகத்தை மனநல விடுதிக்கு மாற்றுகிறார்.
• 1984: டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லம், கதையை அமெரிக்காவின் லூயிசியானாவில் வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களுக்கு நடுவே நகர்த்துகிறது.
• 2016: அக்ரம் கான்.

இரண்டாம் பிறப்பு

'ஸ்வான் லேக்' 1877இல் மாஸ்கோவில் ஜூலியஸ் ரைசிங்கர் அமைத்த நடனத்தோடு அரங்கேறியபோது பெரிய வரவேற்பு ஏதும் கிடைக்கவில்லை. இன்று உலகம் முழுக்க ஆடப்படும் வடிவம் 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெட்டிபாவும் லெவ் இவானவும் அமைத்தது. அதைப் பார்க்க இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி உயிரோடு இல்லை; 1893இலேயே இறந்துவிட்டார். அந்த மறுமேடையேற்றத்துக்காக இசையையே இன்னொருவர் வெட்டி ஒட்டினார். நாயகி ஒற்றைக்காலில் 32 சுற்று சுழலும் பிரபலமான இடம்கூட, பியரினா லென்யானி என்ற இத்தாலியக் கலைஞருக்கு அந்த வித்தை கைவந்திருந்ததால் சேர்ந்தது. முதல் மேடையேற்றத்தை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதியிருந்தால் 'ஸ்வான் லேக்' இன்று ஓர் அடிக்குறிப்பாக மட்டுமே மிஞ்சியிருக்கும்.

'நட்கிராக்கர்' கதையும் அப்படித்தான். 1892 டிசம்பரில் மரின்ஸ்கி தியேட்டரில் ஓர் ஓபராவோடு சேர்த்து ஒரே மாலையில் அரங்கேறிய அது, கிறிஸ்துமஸ் சடங்காக மாறியது இருபதாம் நூற்றாண்டில், அமெரிக்காவில். 1944இல் சான் ஃபிரான்சிஸ்கோ பாலே அதை அங்கே முதன்முதலாக முழுமையாக ஆடியது. 1954இல் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பாலன்சின் தன் வடிவத்தைத் தந்தார். இன்று கம்பெனிகளின் கஜானாவை நிரப்பும் படைப்பு, அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தன் நேரத்துக்குக் காத்திருந்திருக்கிறது. அந்த இடைவெளியில் யாரோ அதை மறக்காமல் மறுபடி மறுபடி ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் முக்கியம்.

காரணம் இந்தக் கலையின் இயல்பிலேயே இருக்கிறது. நாடகத்துக்குப் பிரதி உண்டு, இசைக்கு ஸ்வரக் குறிப்பு உண்டு. பாலேக்கும் குறியீட்டு முறைகள் இருக்கின்றன. செர்கேயெவ் ரஷ்யாவிலிருந்து சுமந்து வந்த குறிப்பேடுகள் இன்றும் ஹார்வர்டில் பத்திரமாக உள்ளன, அலெக்ஸி ரத்மான்ஸ்கி போன்றவர்கள் அவற்றைப் படித்துப் பழைய படைப்புகளை மீட்டிருக்கிறார்கள். ஆனால் எந்த அடிக்கு எந்த நேரத்தில் மூச்சு வாங்குவது, துணைவனின் கையில் எவ்வளவு எடையைக் கொடுப்பது என்பதெல்லாம் ஏட்டில் ஏறுவதில்லை. ஆடியவர் அடுத்தவருக்கு ரிகர்சல் அறையில் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. 'வீடியோ இருக்கிறதே' என்று கேட்கலாம். வீடியோ காட்டுவது ஒரு குறிப்பிட்ட நாளில் ஒருவர் ஆடியதை, ஒரு கோணத்திலிருந்து, அன்றைய பிசகுகளோடு. எது அமைப்பு, எது பிசகு என்று பிரித்துச் சொல்ல உடம்பில் அந்த நடனத்தைச் சுமக்கும் ஒருவர் வேண்டும். ஒரு தலைமுறை ஆடாமல் விட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

அண்ணன் படைப்பு, தங்கை படைப்பு

இதற்குச் சரித்திரமே ஒரு பரிசோதனை நடத்திக் காட்டியிருக்கிறது. 1913 மே 29 அன்று பாரிஸில் வாஸ்லவ் நிஜின்ஸ்கி அமைத்த 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' அரங்கேறியபோது பார்வையாளர்கள் போட்ட கூச்சலைப் பற்றி எழுதாத கலை வரலாற்றுப் புத்தகம் கிடையாது. அந்த அளவுக்குப் புகழ்பெற்ற அரங்கேற்றம் பாலேயில் வேறில்லை. ஆனாலும் அந்த நடனம் பத்துக்கும் குறைவான முறையே மேடையேறியது. 1920இல், அதை அரங்கேற்றிய தியாகிலெவின் கம்பெனியே அதே இசைக்கு மறுபடி ஆட நினைத்தபோது நடன அமைப்பாளர் மசீன் புதிதாக ஒரு நடனம் அமைக்க வேண்டியிருந்தது. நிஜின்ஸ்கியின் வடிவத்தை ஓவியங்கள், நினைவுக் குறிப்புகள், இசைத்தாள் ஓரத்துக் கிறுக்கல்கள் என்று துப்பறிந்து, மில்லிசென்ட் ஹாட்சனும் கென்னத் ஆர்ச்சரும் ஜாஃப்ரி பாலேக்காக மீட்டுத் தந்தது 1987இல். அது அசலுக்கு எவ்வளவு நெருக்கம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

நிஜின்ஸ்கியின் தங்கை பிரானிஸ்லவா நிஜின்ஸ்கா 1923இல் அதே இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் வேறோர் இசைக்கு 'லே நோஸ்' அமைத்தார். ரஷ்யக் கிராமத்துக் கல்யாணம். மணப்பெண்ணின் நீண்ட சடைகளைத் தோழிகள் பிடித்திருக்க, ஒருவர் தலைமேல் ஒருவர் தலை சாய்த்துக் கோபுரமாக அடுக்கி நிற்கும் பெண்கள். அரங்கேற்றத்தின் பரபரப்பில் அண்ணனின் படைப்புக்கு அருகில்கூட இது வரவில்லை. ஆனால் 1960களில் லண்டன் ராயல் பாலேயின் இயக்குநராக இருந்த ஃபிரெடெரிக் ஆஷ்டன், நிஜின்ஸ்காவையே நேரில் அழைத்தார். 1966இல் அவரே வந்து சொல்லிக்கொடுத்து, 'லே நோஸ்' அந்தக் கம்பெனிக்குச் சொந்தமானது. 1972இல் அவர் மறைந்தார். அந்த ஓர் அழைப்பு ஆறேழு ஆண்டுகள் தாமதித்திருந்தால் தங்கையின் படைப்புக்கும் அண்ணனுடையதன் கதிதான். கலவரம் செய்யும் அளவுக்குப் பேசப்பட்ட படைப்பு தொலைந்தது. திருப்பி அழைக்கப்பட்ட படைப்பு பிழைத்தது. அரங்கேற்றத்தின் சத்தத்துக்கும் படைப்பின் ஆயுளுக்கும் சம்பந்தம் குறைவு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பணம் எந்தப் பக்கம் பாய்கிறது?

இவ்வளவு தெரிந்தும் கம்பெனிகள் மறுமேடையேற்றத்தை ஏன் தள்ளிப்போடுகின்றன? பணம் பாயும் திசை அப்படி. 'உலக அரங்கேற்றம்' என்ற இரண்டு சொல்லுக்குப் பத்திரிகைகள் இடம் ஒதுக்கும், விமர்சகர்கள் வருவார்கள், நன்கொடையாளர் பெயர் நிகழ்ச்சி நிரலில் அச்சாகும். இரண்டாவது முறை ஆடும்போது இவற்றில் எதுவுமே கிடைப்பதில்லை. 'நட்கிராக்கர்' போலக் குடும்பம் குடும்பமாகக் கூட்டமும் திரள்வதில்லை. செலவோ குறைவதில்லை. செட்டைப் பல ஆண்டுகள் கிடங்கில் வாடகைக்கு வைத்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படைப்புகளுக்குக் காப்புரிமைத் தொகை கிடையாது. சமகாலப் படைப்புக்கு நடன அமைப்பாளருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும். பாலன்சின் படைப்பு என்றால் 1987இல் ஏற்பட்ட அவர் பெயரிலான அறக்கட்டளை தன் ஆளை அனுப்பிச் சொல்லிக்கொடுத்து, தரம் பார்த்த பிறகே ஆடலாம். மூன்றாவது வரிசை எப்போதும் பட்டினி கிடப்பது இப்படித்தான்.

ஆனால் பணம் இருந்தால் மட்டும் இது தீர்ந்துவிடாது. 2024இல் சான் ஃபிரான்சிஸ்கோ பாலேக்குப் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 6 கோடி டாலர் கொடுத்தார். புதிய படைப்புகளை உருவாக்கவும் வாங்கவும் செலவிட வேண்டும் என்பது நோக்கம். அங்கே இயக்குநராக இருப்பவர் தமாரா ரோஹோ. முன்பு இங்கிலிஷ் நேஷனல் பாலேயை இயக்கியபோது அக்ரம் கானை அழைத்து 'ஜிசெல்' அமைக்கச் சொல்லி, நாயகியாகத் தானும் ஆடியவர் இவர்தான். அதே ஆண்டில் அவருடைய கம்பெனி அரங்கேற்றிய, பண்டோரா கதையைச் செயற்கை நுண்ணறிவோடு இணைத்த 'மியர் மார்ட்டல்ஸ்' வரவேற்பைப் பெற்றதும், அடுத்த சீசனுக்குக் காத்திராமல் மறுபடி மேடையேற்றினார்கள். அங்கே கொடை பெரிது; அதைவிடப் பெரிது, ஓடுகிற குதிரையை லாயத்தில் கட்டிவைக்காத அந்த முடிவு. புதுமைக்கு நிதி கொடுப்பவர்கள் 'இன்னொன்று அரங்கேற்றுங்கள்' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், கையில் மிஞ்சுவது ஒருமுறை ஆடிய படைப்புகளின் நீளமான பட்டியல்தான்.

ஒரே உடம்பு, எதிரெதிர் பாடங்கள்

சீசன் பட்டியலின் விளைவை முதலில் உணர்வது ஆடுபவரின் உடம்பு. இங்கிலிஷ் நேஷனல் பாலேயின் அந்த 2016-17 சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்ரம் கானின் முதல் பாகம் முழங்காலை மடக்கி, எடையைத் தரையில் இறக்கி ஆடச் சொல்கிறது; கைவிரல்களில் கதக்கின் கூர்மை. டிசம்பரில் 'நட்கிராக்கர்'. ஜனவரியில் ஸ்கீப்பிங்கின் ஆவிகளாக எடையே இல்லாததுபோல் மிதக்க வேண்டும். வசந்தத்தில் பினா பவுஷின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்': மேடை முழுக்கக் கரிய மண் கொட்டியிருக்கும், வெறுங்காலோடு, வியர்வையில் மண் அப்பிக்கொள்ள ஆட வேண்டும். பவுஷ் அமைத்தது 1975இல். புதுசும் இல்லை, செவ்வியலும் இல்லை, நாம் பேசும் மூன்றாவது வரிசைக்கு உரியது.

'இப்படி எதிரெதிர் திசையில் இழுத்தால் காயம் படாதா? செவ்வியல் நுட்பம் மழுங்காதா?' என்ற ஆட்சேபம் நியாயமானது. இரண்டு நாள் இடைவெளியில் மண்ணிலிருந்து நுனிக்காலுக்குத் தாவச் சொன்னால் காயம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஆட்சேபத்தை ஊன்றிப் பார்த்தால் அது புதுமைக்கு எதிராக இல்லை, அவசரத்துக்கு எதிராக இருக்கிறது. ஆறு வாரம் ஒத்திகை பார்த்து, ஐந்து முறை ஆடிவிட்டு மறந்துபோகும் படைப்புக்கு உடம்பு பழகுவதற்கு முன்பே முதல் நாள் வந்துவிடுகிறது. இரண்டாம் முறை திரும்பும்போது தசைக்கு அது நினைவிருக்கிறது. எந்த இடத்தில் மூச்சு முட்டும், எந்தத் தூக்கலில் தோள் வலிக்கும் என்று முதல் குழுவினர் அடுத்த குழுவுக்குச் சொல்ல முடிகிறது. உடம்பைக் காப்பதும் படைப்பைக் காப்பதும் இங்கே ஒரே வேலையாகிவிடுகின்றன. நுட்பம் மழுங்கும் என்ற பயத்துக்கு அக்ரம் கானின் இரண்டாம் பாகமே பதில். அங்கே ஆவிகள் கையில் நீண்ட கழிகளோடு, தலைமுடி கலைந்து, நுனிக்காலில்தான் வருகிறார்கள். அழகுக்கென்று பழகிய நுனிக்கால் அங்கே அச்சுறுத்துகிறது. அத்தனை பெண்களை அப்படி ஒரே சீராக நிறுத்த, செவ்வியல் பயிற்சியில் ஊறிய பாலே கம்பெனியால் மட்டுமே முடியும். 'புதுசை நவீன நடனக் குழுக்களிடம் விட்டுவிடுங்கள்' என்பவர்களுக்கும் இதுவே பதில்.

பெட்டிச் செய்தி 2: நுனிக்கால் ஷூ

• முன்பகுதி மரமோ இரும்போ இல்லை. துணி, அட்டை, காகிதம் ஆகியவற்றைப் பசையால் அடுக்கி ஒட்டி, காயவைத்து இறுக்குகிறார்கள். மேலே சாட்டின் துணி.
• 1929இல் தொடங்கிய லண்டன் ஃபிரீட் நிறுவனத்தில் கையால் செய்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை உண்டு. தன் காலுக்கு ஒத்துவரும் ஆளின் முத்திரை பதித்த ஷூவைத்தான் நடனக் கலைஞர் கேட்டு வாங்குவார்.
• கடினமான முழுநீளப் படைப்பில் ஒரே இரவில் ஒரு ஜோடி தளர்ந்துவிடலாம்.
• 'ஜிசெல்' இரண்டாம் பாகத்துக்கு முன் ஷூவின் நுனியைச் சுவரிலோ தரையிலோ அடித்து மென்மையாக்குவார்கள். ஆவி நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்கக் கூடாதே!
• பல தலைமுறைகளாக ஷூவின் நிறம் வெள்ளைத் தோலுக்கு ஏற்ற இளஞ்சிவப்புதான். பிரிட்டனின் பாலே பிளாக் கம்பெனியோடு சேர்ந்து ஃபிரீட் பழுப்பு நிற ஷூக்களைக் கொண்டுவந்தது 2018இல்.

பெண்களுக்கு 'ஒருமுறை' போதாது

மூன்றாவது வரிசை ஒல்லியாக இருப்பதால் அதிகம் இழப்பவர்கள் பெண் நடன அமைப்பாளர்கள். மேடையில் பெண்ணை மையத்தில் வைத்த கலை, அமைப்பாளர் நாற்காலியில் அவளை அரிதாகவே உட்காரவைத்தது. 2017இல் அகதிகளின் நெடும்பயணத்தைப் பற்றிக் கிரிஸ்டல் பைட் 'ஃபிளைட் பேட்டர்ன்' அமைத்தபோது, ராயல் பாலேயின் பெரிய மேடைக்கு ஒரு பெண் படைப்பு தந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போது பல கம்பெனிகள் பெண்களை அழைக்கின்றன. ஆனால் மூன்று படைப்பு மாலையில் அரைமணி நேரம், ஒருமுறை, அத்தோடு சரி என்றால் அந்த அழைப்பு கணக்குக் காட்டுவதற்கு மட்டுமே உதவும்.

திரும்ப அழைத்தால் என்ன நடக்கும் என்பதையும் இதே உதாரணம் காட்டுகிறது. 'ஃபிளைட் பேட்டர்ன்' 2022இல் முழு மாலைக்கும் விரிந்து 'லைட் ஆஃப் பாசேஜ்' ஆனது. ரோஹோ 2016இல் இங்கிலிஷ் நேஷனல் பாலேயில் மூன்று பெண்களை வைத்தே ஒரு மாலையைத் தொகுத்தார். அதில் ஃபிரிடா காலோவைப் பற்றி அனபெல் லோபஸ் ஓச்சோவா அமைத்த 'புரோக்கன் விங்ஸ்' மறுபடி மேடையேறியது, பிறகு 2020இல் டச்சு நேஷனல் பாலேயில் 'ஃபிரிடா' என்ற முழுநீளப் படைப்பாக வளர்ந்தது. அரைமணி நேரத்தில் விதைத்ததை இன்னொரு சீசன் வளர்த்தெடுத்தது. நிஜின்ஸ்காவுக்கு 43 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வாய்ப்பு, இவர்களுக்கு அவர்களுடைய உழைப்புக் காலத்திலேயே கிடைத்திருக்கிறது.

'பழசில் கை வைக்கலாமா?'

இனி, வலுவான ஆட்சேபத்துக்கு வருவோம். புதுசைத் திரும்பக் கொண்டுவருவது சரி. ஆனால் பழசை மாற்றுவது சிதைப்பதாகாதா? இந்தக் கேள்வி தமிழ் வாசகருக்கு ஒரு படைப்பின் வழியாக நேரடியாகவே வந்து சேர்கிறது. 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெட்டிபா அமைத்த 'லா பயடேர்', இந்தியக் கோயிலில் ஆடும் நிகியா என்ற பெண்ணின் கதை. சரிவில் வெள்ளுடைப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தபடி இறங்கிவரும் காட்சிக்கு நிகரானது இந்தக் கலையில் அபூர்வம். அதே படைப்பில் நிகியா இடுப்பு தெரியும் கற்பனை உடையில் வருகிறாள், பூசாரி காமுகன், பக்கிரிகள் நெருப்பைச் சுற்றிக் குதிக்கிறார்கள். ரஷ்ய மேடையில் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய சிறுவர்கள் வருவதை 2019இல் அமெரிக்கக் கலைஞர் மிஸ்டி கோப்லண்ட் கண்டித்தபோது, 'மரபு' என்று ஒரு சாராரும் 'அவமதிப்பு' என்று ஒரு சாராரும் மோதிக்கொண்டார்கள்.

பெட்டிச் செய்தி 3: திருவந்திபுரத்திலிருந்து பாரிஸுக்கு

• 1838இல் கடலூர் அருகேயுள்ள திருவந்திபுரத்தைச் சேர்ந்த தேவதாசிகளும் இசைக்கலைஞர்களும் ஒரு பிரெஞ்சு வியாபாரியின் ஏற்பாட்டில் ஐரோப்பா சென்றார்கள். பாரிஸிலும் லண்டனிலும் ஆடினார்கள்.
• அவர்களில் 'அம்மணி'யைச் சிற்பி ழான் ஒகுஸ்த் பார் சிலையாக வடித்தார்.
• அவர்களைப் பார்த்து வியந்து பத்திரிகையில் எழுதியவர் கவிஞர் தியோஃபில் கோத்தியே. மூன்றே ஆண்டுகளில் 'ஜிசெல்' கதையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். 1858இல் 'சகுந்தலா' பாலேக்கும் அவரே கதை அமைத்தார்.

உண்மையான ஆடற்பெண்களைப் பாரிஸ் பார்த்து ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த 'லா பயடே'ரில் அவர்களுடைய நாட்டியத்தின் சுவடு இல்லை. அப்படியென்றால் அந்தப் படைப்பைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாமா? 2021இல் பெர்லின் ஸ்டேட் பாலே தன் 'நட்கிராக்க'ரில் சீன, அரபு ஆட்டங்கள் இனக் கேலியாக இருப்பதாகச் சொல்லி அந்தக் கிறிஸ்துமஸுக்கு அதை நிறுத்திவைத்தது. ஸ்காட்டிஷ் பாலே உடையையும் அசைவையும் திருத்திக்கொண்டு ஆடியது. இங்கிலிஷ் நேஷனல் பாலே 2024இல் புதிய 'நட்கிராக்க'ரையே உருவாக்கியது. 'லா பயடே'ரின் இசையையும் பெட்டிபாவின் அடிகளையும் பெருமளவு வைத்துக்கொண்டு, கதையை மட்டும் 1930களின் ஹாலிவுட்டுக்கு நகர்த்திய ஒரு வடிவம், ஃபில் சான், டக் ஃபுலிங்டன் இருவரின் முயற்சியில் 2024இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மேடையேறியது.

திருத்துவதைச் சிதைப்பு என்பவர்கள் எந்த அசலைக் காக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். 1841 'ஜிசெல்'லையா, பெட்டிபா திருத்தியதையா, செர்கேயெவ் நினைவிலும் ஏட்டிலும் கொண்டுவந்ததையா, ஸ்கீப்பிங் சேர்த்து முடித்ததையா? எல்லாமே திருத்தங்கள். அதற்காக எதையும் எப்படியும் மாற்றலாம் என்பதும் இல்லை. அடிகளின் கட்டுமானம், இசையோடு அவை கொண்டிருக்கும் உறவு, கூட்டு அசைவின் தர்க்கம் ஆகியவை நடனத்தின் உயிர்ப்பகுதி. அவற்றைத் தெரியாமல் மாற்றுபவர் படைப்பைத் தொலைக்கிறார். சாயம் பூசிய முகம் அந்தக் காலத்துப் பழக்கம். அதை நீக்கினால் சரிவில் இறங்கும் அந்த வெள்ளை வரிசை கொஞ்சமும் குலையாது. இரண்டையும் பிரித்தறிய, படைப்பு மேடையில் இருந்தாக வேண்டும். தடைசெய்தால் விவாதமும் அதோடு செத்துப்போகும். தொடாமல் வைத்தால் பார்ப்பவர்கள் விலகிப் போவார்கள். ஆடித் திருத்துவதே இரண்டுக்கும் நடுவிலுள்ள வழி.

மக்கள் வரிப்பணமும் மக்கள் ரசனையும்

கடைசி ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது. 'மக்கள் கேட்பது ஸ்வான் லேக். அரசு மானியம் வாங்கிக்கொண்டு அவர்கள் கேட்காததை ஏன் ஆட வேண்டும்?' பிரிட்டனில் இது வெற்றுக் கேள்வி இல்லை. 2022இல் ஆர்ட்ஸ் கவுன்சில், இங்கிலிஷ் நேஷனல் ஓபராவின் வழக்கமான மானியத்தை நிறுத்தி, லண்டனை விட்டு வெளியேறச் சொன்னபோது நாடே அதிர்ந்தது. பிறகு இறங்கி வந்தார்கள் என்றாலும் பயம் போகவில்லை. ஆனால் மானியம் எதற்கு? சந்தையில் தானாக விற்பதற்கு மானியம் தேவையில்லை. விற்பதற்கு முன்பு ஒரு படைப்பு கடக்க வேண்டிய ஆண்டுகளுக்குத்தான் பொதுப்பணம் வேண்டியிருக்கிறது. ரசனையும் மாறாத ஒன்றாக இருப்பதில்லை. லண்டனுக்கு வெளியே அரங்கேறிய அக்ரம் கானின் 'ஜிசெல்' 2018இல் திரைப்படமாகச் சினிமா தியேட்டர்களுக்கு வந்தது, 2019இல் சிகாகோ போனது, 2024இல் மறுபடி லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் மேடைக்குத் திரும்பியது. அதைக் கேட்கிறார்கள் இப்போது. கேட்கத் தொடங்கும்வரை ஆடிக்கொண்டிருந்ததால் கேட்கிறார்கள்.

எல்லாப் புதுசுக்கும் இந்த வாய்ப்பைத் தர வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. பெரும்பாலானவை ஒருமுறை ஆடி மறைவதற்கே தகுதியானவை; பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரங்கேறி மறைந்தவற்றின் எண்ணிக்கையும் கொஞ்சமில்லை. தேர்வு செய்யும் பொறுப்பை இயக்குநர் ஏற்க வேண்டும் என்பதே இங்கே வாதம். பத்துப் புதுசை அரங்கேற்றி எதையும் திருப்பிக் கொண்டுவராத இயக்குநர், தன் தீர்ப்பைச் சொல்லாமல் தப்பிக்கிறார். நான்கை அரங்கேற்றி அவற்றில் ஒன்றை மூன்றாம் ஆண்டில் வேறு குழுவைக் கொண்டு ஆடவைப்பவர், 'இது நிற்கும்' என்று பெயரைப் பணயம் வைக்கிறார். ஆஷ்டன் 1966இல் செய்தது அதைத்தான்.

ஆகவே அடுத்த சீசன் பட்டியல் வெளியாகும்போது, லண்டனோ நியூயார்க்கோ பாரிஸோ, 'ஸ்வான் லேக்' எத்தனை நாள், உலக அரங்கேற்றம் எத்தனை என்று எண்ணுவதோடு நிறுத்த வேண்டாம். கடந்த பத்து ஆண்டுகளில் அந்தக் கம்பெனி தானே உருவாக்கியவற்றில் எத்தனை திரும்பி வந்திருக்கின்றன? அவற்றை முதலில் ஆடியவர்கள் இப்போது அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களா? அவற்றில் பெண்கள் அமைத்தவை உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் வரிசை வெறுமையாக இருந்தால், பக்கத்தில் எத்தனை அரங்கேற்றங்கள் அச்சாகியிருந்தாலும் அந்தக் கம்பெனி நேற்றைய சொத்தைத் தின்றுகொண்டு நாளைக்கு எதையும் சேர்க்காமல் இருக்கிறது என்றே பொருள். அந்த வரிசை நிரம்பியிருந்தால், 22ஆம் நூற்றாண்டில் பழசு என்று கொண்டாடப்போகும் ஒன்றுக்கு இன்றே டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.